கடவுள் நேரில் வந்தால் எந்த நாற்காலி போடுவோம்?

ஹாஸ்டல் ரூமில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கடவுள் பேச்சு வந்தால் ரெண்டு கட்சி உருவாகும். ஒரு கட்சி "எல்லாம் பிசினஸ் மச்சி" என்னும். இன்னொரு கட்சி "உனக்கு நம்பிக்கை இல்லைன்னா விடு, அடுத்தவன் நம்பிக்கையை ஏன் கிண்டல் பண்றே?" என்னும். ரெண்டு மணி நேரம் கழித்து ஒருத்தரும் கட்சி மாறாமல் தூங்கப் போவார்கள். கவனிச்சுப் பார்த்தா ஒரு விஷயத்தில் மட்டும் ரெண்டு கட்சிக்கும் சண்டையே கிடையாது. போலி பக்தி கெட்டது என்று ரெண்டு பேருமே சொல்வார்கள். ஆனால் எது போலி, எது நிஜம், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் ரெண்டு பக்கமும் அமைதி.

தத்துவப் புத்தகம், பட்டிமன்றம் எல்லாவற்றையும் விட இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வேறொரு இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. கடவுள் பூமிக்கு வருகிற கதைகளைத்தான் சொல்கிறேன். சிவபெருமான் பிராட்வேயில் வந்து வழி கேட்கிறார், அம்மன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருகிறாள், இந்த மாதிரிக் கதைகள். நாம் இதையெல்லாம் காமெடி, ஃபேன்டசி என்று தள்ளிவிடுகிறோம். உண்மையில் இவை ரொம்ப சீரியஸான ஒரு வேலையைச் செய்கின்றன.

பக்திக்கு ஒரு லோடு டெஸ்ட்

சிவில் டிபார்ட்மென்ட் மக்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பாலம் சும்மா நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். அது நல்ல பாலமா என்று தெரிய அதன் மேல் எடையை ஏற்றிப் பார்க்கணும். எங்கே வளைகிறது, எவ்வளவு வளைகிறது, எடையை எடுத்ததும் பழைய நிலைக்கு வருகிறதா என்று அளக்கணும். பக்தியும் அப்படித்தான். சாமி கல்லாக, படமாக, தூரத்தில் இருக்கும் வரைக்கும் எல்லா பக்தியும் ஒரே மாதிரி தெரியும். கும்பிடுகிற கை எல்லாம் ஒரே கைதான். அந்த சாமி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்? அப்போதுதான் எடை ஏறுகிறது. கதாசிரியர் செய்வது அதைத்தான். கடவுளையே கொண்டுவந்து நம்ம பக்தி மேல் உட்கார வைத்துவிட்டு, விரிசல் எங்கே விழுகிறது என்று பார்க்கிறார்.

இதற்குப் படிக்கிறவனுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கணும் என்ற அவசியமும் இல்லை. கணக்கில் "இப்படி வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்து, கடைசியில் முரண்பாட்டைக் காட்டி நிறுவுகிறோம் அல்லவா, அது மாதிரி "கடவுள் வந்தார் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்தால் போதும். நம்புகிறவன், நம்பாதவன் ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கலாம்.

நம்மை விட்டுவிடுகிற படங்கள்

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த படங்கள். 2012-இல் இந்தியில் வந்த 'ஓ மை காட்' படத்தில் ஒரு கடைக்காரர். நிலநடுக்கத்தில் கடை போகிறது. இயற்கைச் சீற்றம், அதாவது கடவுள் செயல் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் பணம் தர மறுக்கிறார்கள். "அப்படின்னா நஷ்டஈட்டைக் கடவுளே தரட்டும்" என்று கோர்ட்டுக்குப் போகிறார். 2014-இல் வந்த 'பிகே' படத்தில் வேற்றுக்கிரகவாசி ஒருத்தன் தொலைந்துபோன தன் கருவியைத் தேடி எல்லாக் கோயில், சர்ச், தர்காவுக்கும் போகிறான். தமிழில் 2020-இல் வந்த 'மூக்குத்தி அம்மன்' படத்தில், கவனிக்காமல் விட்ட குலதெய்வம் நேரில் வந்து நிற்கிறாள்.

மூன்று படமும் ஓடியதற்குக் காரணம் இருக்கிறது, நானும் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் மூன்றிலும் ஒரு வசதி இருக்கிறது. வில்லன் ஒரு சாமியார். பெரிய மடம், பெரிய நிலம், பெரிய மைக். கிளைமாக்ஸில் அவர் மாட்டிக்கொள்வார், நாம் கை தட்டுவோம். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது "நல்லவேளை, நாம அப்படி இல்லை" என்ற நிம்மதியோடு வருவோம். எடை முழுக்கச் சாமியார் தலையில் ஏறுகிறது. நம்ம மேல் ஒரு கிலோ கூட ஏறவில்லை.

ஆனாலும் இந்தப் படங்களில் ஓரிரண்டு இடம் நம்மைத் தொடுகிறது. 'ஓ மை காட்' படத்தில் வழக்குப் போட்ட அதே மனிதரையே கடைசியில் மக்கள் சாமியாக்கிச் சிலை வைத்துவிடுகிறார்கள். அவரே போய் அந்தச் சிலையை உடைக்க வேண்டியிருக்கிறது. சாமியார் போனாலும் சாமியாரைத் தேடுகிற மனசு போகவில்லை என்று அர்த்தம். அதே மாதிரி 2008-இல் சிம்புதேவன் எடுத்த 'அறை எண் 305-இல் கடவுள்'. திருவல்லிக்கேணி மேன்ஷனில் வேலை இல்லாத ரெண்டு பேர், கடவுளைத் திட்டித் தீர்க்கிறார்கள். கடவுள் வந்து அதே அறையில் தங்குகிறார். அவர்கள் என்ன செய்கிறார்கள்? அவருடைய சக்தி இருக்கிற பெட்டியைத் திருடுகிறார்கள். கடவுள் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறார், இவனுங்க கண் பெட்டி மேல் இருக்கிறது. காமெடிப் படம்தான், ஆனால் இந்த ஒரு இடம் பெரிய உண்மை. நமக்கு வேண்டியது அவரா, அவர் கையில் இருக்கிற பெட்டியா?

கந்தசாமிப் பிள்ளை என்ன செய்தார்

இதே கேள்வியை அந்தப் படத்துக்கு 65 வருஷம் முன்பே ஒருத்தர் கேட்டுவிட்டார். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943-இல் கலைமகளில் வந்த கதை. இன்னும் படிக்காதவர்கள் இந்த வாரமே படித்துவிடுங்கள். அவருடைய எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டது, இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்.

கந்தசாமிப் பிள்ளை சென்னையில் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். கையில் காசு கம்மி. பிராட்வே முனையில் நின்று, டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா, மிச்சக் காசில் வெற்றிலையா காப்பியா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே ஒரு பெரியவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவர்தான் கடவுள். ரெண்டு பேரும் ஹோட்டலில் காப்பி குடிக்கிறார்கள். காப்பியின் ருசியைத் தன் லீலை என்கிறார் கடவுள். இல்லை, சிக்கரி கலந்த ஹோட்டல்காரனுடைய லீலை என்கிறார் பிள்ளை.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். வந்திருப்பது கடவுள் என்று தெரிந்த பிறகும் பிள்ளை காலில் விழவில்லை. வரம் கேட்கவில்லை. தன் பத்திரிகைக்கு 25 ரூபாய் ஆயுள் சந்தா கேட்கிறார்! வீட்டுக்கு அழைத்துப் போகிறார். பிள்ளையின் சின்னப் பெண் அவரைத் தாத்தா ஆக்கிக்கொண்டு விளையாட இழுக்கிறது. ஒரு சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்தால் எப்படியோ அப்படித்தான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கடவுளைக் கிண்டல் செய்கிற கதை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதையில் கடவுளோடு நேர்மையாக நடந்துகொள்கிற ஆள் பிள்ளைதான். சந்தா கேட்டார், உண்மை. அது அவருடைய நிஜமான தேவை, நேராகக் கேட்டார். பக்தி என்று ஒரு துணி போட்டு மூடவில்லை.

இதற்கு எதிரில் புதுமைப்பித்தன் இன்னொருத்தரை நிறுத்துகிறார், ஒரு திவான் பகதூர். கலைக்குப் பெரிய காவலர், நாட்டிய சபைத் தலைவர். கடவுள் பிழைப்புக்கு வழியாக நடனம் ஆடலாம் என்று அவரிடம் போகிறார். நடராஜரே வந்து ஆடுகிறார். அதைப் பார்த்துவிட்டு இது சாஸ்திரப்படி இல்லை என்று துரத்துகிறார் அந்தப் பெரிய மனிதர். சிலையாக இருக்கிற நடராஜர் அவருக்குச் சரி. ஆடுகிற நடராஜர் தப்பு.

இந்த திவான் பகதூர் பொய்யர் இல்லை என்பதைக் கவனிங்க. அவர் கலையை நேசிக்கிறார், சாஸ்திரத்தை மதிக்கிறார், நடித்து ஏமாற்றவில்லை. இருந்தும் விரிசல் விழுந்தது அவரிடம்தான். கடைசியில் கதைக் கடவுளே புரிந்துகொள்வது என்ன? மனிதர்களுக்குத் தூரத்தில் நின்று வரம் தருவது சுலபம், கூட இருந்து வாழ்வது முடியாது என்பதைத்தான். பிள்ளையும் சளைக்காமல், உங்க ஆளுங்களுக்கு அதுதான் முடியும் என்கிற மாதிரி பதில் சொல்லிவிடுகிறார். அடி ரெண்டு பக்கமும் விழுகிறது.

அடையாளம் தெரிந்தும் கைது

திவான் பகதூருக்கு வந்தவர் யார் என்று தெரியவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லலாம். தெரிந்திருந்தால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. தஸ்தயேவ்ஸ்கி 1880-இல் முடித்த 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலுக்குள் ஒரு பாத்திரம் சொல்கிற கதை. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின், செவில் நகரம். மத விரோதிகள் என்று சொல்லி மனிதர்களை உயிரோடு கொளுத்துகிற காலம். அங்கே கிறிஸ்து திரும்பி வருகிறார். மக்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. விசாரணை நடத்துகிற மதத் தலைவருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததால்தான் கைது செய்கிறார்! ராத்திரி சிறைக்கு வந்து அவர் பேசுவதன் சாரம், நீர் இல்லாமலே நாங்கள் நன்றாக நடத்திக்கொண்டிருக்கிறோம், இப்போது ஏன் வந்து தொந்தரவு செய்கிறீர் என்பதுதான். கிறிஸ்து ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கிழவரை முத்தமிடுகிறார்.

யாருடைய பெயரில் அமைப்பு நடக்கிறதோ, அவரே வந்தாலும் அமைப்புக்கு இடைஞ்சல்தான். இது மதத்துக்கு மட்டும் இல்லை என்று நம்ம வயசிலேயே புரிந்திருக்கும். மாணவர் நலனுக்காக நடக்கிற கூட்டத்தில் ஒரு மாணவன் எழுந்து கேள்வி கேட்டால் அவனை எப்படிப் பார்ப்பார்கள்?

சொல்லாத பாதி

இப்போது நம்ம பக்கம் வருவோம். அரியர் கிளியர் ஆகணும், ப்ளேஸ்மென்ட் கிடைக்கணும் என்று நாம் வேண்டிக்கொள்வது போலியா? பரீட்சை அன்றைக்கு மட்டும் பிள்ளையார் கோயில் வாசலில் கூட்டம் கூடுவதைப் பார்த்து நிறைய பேர் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். பயம் நிஜம். கடன் வாங்கி ஃபீஸ் கட்டின அப்பா முகம் நிஜம். பயந்தவன் யாரையாவது கூப்பிடுவான், அதில் நடிப்பு எதுவும் இல்லை. தேவையை நேராகக் கேட்கிறவன் கந்தசாமிப் பிள்ளை கட்சி.

ஆனால் வேண்டுதலுக்கு இன்னொரு பாதி இருக்கிறது. மார்க் ட்வைன் 1905-இல் 'போர்ப் பிரார்த்தனை' என்று ஒரு சின்னக் கதை எழுதினார். அப்போது பத்திரிகையில் மறுத்துவிட்டார்கள், அவர் இறந்த பிறகு 1923-இல்தான் அச்சில் வந்தது. போருக்குப் போகிற இளைஞர்களுக்காகச் சர்ச்சில் பாதிரியார் உருகி வேண்டுகிறார், எங்கள் பிள்ளைகளுக்கு வெற்றி கொடு என்று. ஒரு கிழவர் உள்ளே வருகிறார். தான் கடவுளிடமிருந்து வந்த தூதன் என்கிறார். நீங்கள் வேண்டியதில் பாதியைத்தான் வாயால் சொன்னீர்கள், சொல்லாத மீதியையும் அவர் கேட்டுவிட்டார், அதையும் நான் சொல்கிறேன் என்று சொல்லிக் காட்டுகிறார். எதிரி நாட்டுப் பிள்ளைகள் சிதறணும், அவர்கள் வீடு எரியணும், விதவைகள் தெருவில் அலையணும். இதையும் சேர்த்துத்தானே கேட்டீர்கள், இன்னும் வேண்டுமா என்கிறார். கதையின் முடிவில் ஊர் என்ன சொல்கிறது? அந்த ஆள் பைத்தியம் என்கிறது.

ரிலேட்டிவ் கிரேடிங் இருக்கிற பேப்பருக்கு வேண்டிக்கொள்ளும்போது அந்தக் கிழவர் பக்கத்தில் நிற்கிறார் என்று நினைத்துப் பாருங்க. எனக்கு 'ஓ' கிரேடு வரணும் என்பது சொன்ன பாதி. சொல்லாத பாதியில் பக்கத்து பெஞ்ச் பெயர் இருக்கிறது. ஒரே ஒரு காலியிடத்துக்குக் கடைசி ரவுண்டில் மூணு பேர் உட்கார்ந்து, மூணு பேரும் உள்ளுக்குள் சாமி கும்பிடுகிறார்கள் என்றால் சொல்லாத பாதி என்ன? அதற்காக வேண்டாதே என்று சொல்லவில்லை. முழுசாக வேண்டு, அவ்வளவுதான். ரெண்டு பாதியும் காதில் விழுகிற மாதிரி வேண்டினால், "என்னால முடிஞ்சதை நான் ஒழுங்கா செய்யணும்" என்கிற இடத்துக்குத் தானாகவே வந்து சேர்ந்துவிடுவோம்.

யாரும் பார்க்காத கோயில்

இதெல்லாம் நவீன காலத்துச் சந்தேகம், அந்தக் காலத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்திலேயே இந்தச் சோதனை இருக்கிறது. ரெண்டே ரெண்டு பேரைச் சொல்கிறேன்.

முதல் ஆள் பூசலார். ஊர் திருநின்றவூர். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் லோக்கல் ஏறினால் ஆவடி தாண்டி வருமே, அதே ஊர். கோயில் கட்ட ஆசைப்பட்டார், பணம் தேடினார், கிடைக்கவில்லை. சரி, மனசிலேயே கட்டுவோம் என்று முடிவு செய்தார். மனசில்தானே என்று ஒரே நாளில் கட்டி முடிக்கவில்லை. நாள் பார்த்து அடித்தளம் போட்டார், சிற்பிகளை வைத்தார், அடுக்கடுக்காக ஏற்றினார், மதில், கிணறு, குளம் எல்லாம் செய்தார். நிஜமான கோயிலுக்கு எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள். சைட் இன்ஜினியரே இல்லாத சைட்டில் ஒரு அளவு கூட ஏமாற்றவில்லை. குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார்.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டின பெரிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. முதல் நாள் ராத்திரி கனவில் சிவன் வந்து, நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். ராஜா கிளம்பித் திருநின்றவூர் வந்து, பூசலார் கட்டின கோயில் எங்கே என்று கேட்டால், ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையை "ஏழை பக்தி உசத்தி, பணக்கார பக்தி மட்டம்" என்று எளிதாக முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ராஜாவும் நல்ல ஆள்தான். தான் கட்டினதை விடப் பெரிய கோயில் எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்ததும் பொறாமைப்படாமல் தேடி வந்தான், பூசலாரைப் பார்த்து விழுந்து வணங்கினான். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? பெரிய கோயில் கட்டுவது போலி ஆகாது. உன் கோயிலை விட அடுத்தவன் மனசு பெரிசு என்று தெரிய வரும்போது நீ என்ன செய்கிறாய் என்பதில்தான் விஷயம்.

ஆனால் பூசலார் தருகிற அளவுகோல் கொஞ்சம் சங்கடமானது. யாருக்கும் தெரியாது என்றாலும் இதைச் செய்வேனா? ஸ்டேட்டஸில் போட முடியாது என்றாலும் மலை ஏறுவேனா? அன்னதானத்தில் பேனர் கிடையாது என்றால் அரிசி தருவேனா? டியூப்லைட் மேல் பெயர் எழுதக் கூடாது என்றால் டியூப்லைட் வாங்கித் தருவேனா?

புத்தகத்துக்குள் கத்தி

ரெண்டாவது ஆள் திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனார். சிவனடியார் கோலத்தில் யார் வந்தாலும் வணங்குகிறவர். போரில் அவரிடம் பல முறை தோற்ற முத்தநாதன், இந்தப் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு, உடம்பெல்லாம் நீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வருகிறான். ஆகம நூல் சொல்ல வந்தேன் என்கிறான். மன்னர் அவனை மேலே உட்கார வைத்துத் தான் கீழே அமர்கிறார். அவன் குத்துகிறான். காவலன் தத்தன் வாளோடு பாய்கிறான். மன்னர் தடுத்து, இவர் நம்மவர், ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்கிறார். விட்டுவிட்டு வந்து தத்தன் சொன்ன பிறகே அவர் உயிர் போகிறது.

பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி விட்டால் நாட்டில் எல்லாருமே நீறு பூசிக்கொண்டு கத்தியோடு வர மாட்டார்களா? இன்றைக்கும் "வேஷத்தை மதி, ஆளை ஆராயாதே" என்று சிலர் வாதம் செய்யும்போது இந்த மாதிரிக் கதைகளைத்தான் கொண்டுவருகிறார்கள்.

யோசித்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. மெய்ப்பொருளார் தன் நம்பிக்கைக்கான விலையைத் தன் உயிரால் கொடுத்தார். ஒரு போலிச் சாமியார் மாட்டும்போது நாம் "சாமி மேல பழி போடாதீங்க" என்று பேசினால், அதற்கு விலை கொடுப்பது நாமா? யாரோ ஒரு வீட்டுப் பெண், யாரோ ஒரு குழந்தை, சேர்த்து வைத்ததை எல்லாம் எழுதிக் கொடுத்த யாரோ ஒரு பாட்டி. உன் நம்பிக்கைக்காக நீ கழுத்தைக் கொடுத்தால் அது தியாகம். அடுத்தவர் கழுத்தைக் கொடுத்தால் அதற்குப் பெயர் பக்தி இல்லை. இன்னொன்று, கதையில் தத்தன் என்று ஒருத்தன் இருக்கிறான். முத்தநாதனை வாசலிலேயே நிறுத்திப் பார்த்தவன் அவன். அவனைச் சேக்கிழார் பக்தி குறைந்தவனாகக் காட்டவில்லை. நமக்கு மெய்ப்பொருளார் மாதிரி ஆவது கஷ்டம், தத்தனாக இருப்பது முடியும்.

நம்ம வொர்க்‌ஷாப்பில்

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆயுத பூஜை. மெக்கானிக்கல் வொர்க்‌ஷாப்பில் லேத், மில்லிங், டிரில்லிங் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பொரி, சுண்டல், வாசலில் பூசணிக்காய். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் ரெண்டு நாளாகத் தரையில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து எடுத்திருந்தார்கள். தீபாராதனை நேரத்தில் எல்லாரும் உள்ளே, அக்காக்கள் ஷட்டருக்கு வெளியே. யாரும் துரத்தவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

லேப் அசிஸ்டென்ட் அண்ணா ஒருத்தர் கவனித்துவிட்டு, "அக்கா, உள்ள வாங்க, இந்த லேத்துக்கு நீங்களே பொட்டு வைங்க" என்றார். அந்த அக்கா ரெண்டு அடி பின்னால் போய், "வேணாம் தம்பி, கை அழுக்கா இருக்கு" என்றார்.

தொழிலையும் கருவியையும் கும்பிடுவதற்காகவே ஏற்பட்ட நாள் அது. அந்தக் கை அழுக்கானது அந்தத் தொழிலால்தான். இங்கே யார் போலி? கண்ணை மூடிக் கும்பிட்ட பேராசிரியர் நடிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே பக்தி இருந்தது. திவான் பகதூருக்கும் நிஜமாகவே கலை ஆர்வம் இருந்தது. என் வாதமே இதுதான். வேஷம் போடுகிறவனைக் கண்டுபிடிப்பது சுலபம், சினிமாவே கண்டுபிடித்துவிடும். நிஜமான பக்திக்குள்ளேயே இருக்கிற பார்வைக் குறை கஷ்டம். அது பொய் சொல்வதில்லை, அதனால் மாட்டுவதும் இல்லை.

சோதனையை யார் மேல் வைப்பது?

இதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்கலாம். "அப்போ இனி யார் கும்பிட்டாலும் நிஜமா போலியான்னு சோதிச்சுப் பார்க்கணுமா?" கூடாது. அதைத்தானே திவான் பகதூர் செய்தார்! அடுத்தவன் ஆட்டம் சாஸ்திரப்படி இருக்கிறதா என்று அளந்துகொண்டே இருந்ததில், ஆடுகிறவரைப் பார்க்கவில்லை. சபரிமலைக்கு மாலை போட்ட ரூம்மேட் எத்தனை நாள் சிகரெட்டை விட்டான் என்று எண்ணுவது, நோன்பு வைக்கிற நண்பன் அஞ்சு வேளையும் தொழுகிறானா என்று கேட்பது, ஞாயிறு சர்ச்சுக்குப் போகிற பெண்ணின் இன்ஸ்டாகிராமைக் காட்டி "இவங்களும் பக்தையாம்" என்பது, எல்லாமே அந்த வேலைதான். நம்பாதவர்களும் இதில் விதிவிலக்கு இல்லை. பகுத்தறிவு பேசிக்கொண்டே வீட்டில் சாதி பார்த்துப் பெண் தேட ஒத்துக்கொள்கிறவனுக்கு வேறு சோதனை எதற்கு?

அதனால் எனக்குத் தெரிந்த கணக்கு ரொம்ப எளிது. ஒருத்தருடைய பக்தி அடுத்தவரிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை என்றால், அது நிஜமா போலியா என்பது அவருக்கும் அவர் சாமிக்கும் நடுவில் உள்ள விஷயம். நமக்கு அங்கே வேலை இல்லை. பக்தியின் பெயரால் யாரோ ஒருத்தருடைய பணம், உடம்பு, இடம், வாய் எதுவாவது கேட்கப்பட்டால், அப்போது தத்தன் மாதிரி வாசலில் நிற்கணும். சுவடிக் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லணும். அப்படிக் கேட்பது சாமிக்கு அவமரியாதை என்று யாராவது சொன்னால், கத்தி அதற்குள்தான் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

மற்ற கேள்விகளை நம்ம மேல் மட்டும் வைத்துக்கொள்வோம். யாரும் பார்க்காவிட்டாலும் செய்வேனா? என் வேண்டுதலின் சொல்லாத பாதி என்ன? என் பக்திக்கு விலை கொடுப்பது யார்? நான் கும்பிடும்போது ஷட்டருக்கு வெளியே நிற்பது யார்? நாலுக்கும் முழு மார்க் வாங்குகிற ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். பாஸ் மார்க் எவ்வளவு என்றும் யாரும் அறிவிக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் மாசக்கணக்கில் நேரம் இருக்கிறது. உங்கள் டிபார்ட்மென்ட் பூஜை கமிட்டியில் நீங்கள் இருந்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மாலை, பொரி, பூசணிக்காய்க்குக் காசு வசூல் பண்ணும்போதே, முதல் பொட்டு யார் வைப்பது என்றும் பேசி முடிவு செய்யுங்கள். அந்த அக்காவிடம் முதல் நாளே போய்ச் சொல்லுங்கள், கை கழுவிக்கொள்ள நேரம் கொடுங்கள். சாமி வருமா வராதா என்ற விவாதத்தை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.